‘வாங்கிக் கொடுத்தோம்’ என்போருக்கு

மே தினம் வந்தாலும் தேர்தல் வந்தாலும் நமது தோட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கிறது. “உங்களுக்குப் பிரஜாவுரிமை வாங்கிக் கொடுத்தது நாங்கள்” என்பதே அந்தப் பேச்சு. ஒரு மேடையில் இதைச் சொன்னால், அடுத்த மேடையில் “இல்லை, சட்டத்தைக் கொண்டுவந்தது எங்கள் ஆட்சி” என்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் பெரிய கட்சிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், “உங்களை இந்த நாட்டு மக்களாக ஏற்றுக்கொண்டவர்கள் நாங்களே” என்று சொல்லிவிட்டு, பொன்னாடையையும் மாலையையும் வாங்கிக்கொண்டு வண்டியேறுகிறார். நாமும் கைதட்டி அனுப்பிவைக்கிறோம்.

தோழர்களே, வாங்கிக் கொடுப்பதற்குப் பிரஜாவுரிமை என்ன சீனியா, மாவா? இந்தப் பேச்சைக் கேட்டு வளரும் நமது பிள்ளைகள், பாட்டனும் பூட்டனும் வெறுங்கையோடு வாசலில் நின்றதாகவும், யாரோ மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டதாகவும் நினைக்கிறார்கள். நம்மிடம் வாக்கு இருந்தது. அதைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். பறித்ததை 1948 முதல் 2003 வரை, 55 வருடங்கள் இழுத்தடித்துத் தவணை தவணையாகத் திருப்பித் தந்தார்கள். கடன் வாங்கியவன் அசலைத் திருப்பித் தரும்போது “உனக்குத் தானம் செய்கிறேன்” என்று சொன்னால் ஊர் சிரிக்கும். இவர்கள் அதைத்தான் மைக் பிடித்துச் சொல்கிறார்கள்.

பறித்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் இந்த நாட்டில் சர்வஜன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகளை வைத்தார்கள். அந்த நிபந்தனைகளையும் தாண்டி நமது மக்கள் பெயர் பதிந்தார்கள், வாக்களித்தார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்டத்து வாக்குகள் துணை நின்றன. லயத்தில் வாழ்பவன் யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிறான். அவன் அனுப்பியவர்கள் எதிர்க்கட்சி ஆசனத்தில் உட்காருகிறார்கள். டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை.

1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருடம் நவம்பர் 15ஆம் திகதி 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றிச் சட்டம் கேட்கவே இல்லை. கூடை சுமந்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமையைக் கையளிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்துவதற்கு 2003ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவா என்றால், அந்தக் காலத்தில் எத்தனை சிங்களக் கிராமத்து விவசாயியால் கொண்டுவந்திருக்க முடியும்? அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டது நம்மிடம் மட்டுந்தான். சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை. கேட்கும் அதிகாரிக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு வாசலும் இருந்தது. பொதுச் சேவையில் சிறந்து விளங்கியவர்களையும், தொழில், வணிகம், விவசாயம் முதலிய துறைகளில் மேன்மை பெற்றவர்களையும் அமைச்சர் தாமாகவே பிரஜையாகப் பதியலாம், வருடத்துக்கு 25 பேருக்கு மேற்படாமல். விவசாயத்தில் மேன்மையாம்! காட்டை வெட்டி, அட்டைக்கடி பட்டு, மலையைத் தேயிலையாக்கிய நமது பூட்டன் அந்த 25 பேருக்குள் வருவாரா என்று அன்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ 7 இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் இரண்டு சட்டங்கள் வந்தன. 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவரின் பெயரைத் தேர்தல் இடாப்பிலிருந்து வெட்டியது. அதற்கு முன்பே வந்த 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்தால் தருகிறோம் என்றது. இந்த ‘விண்ணப்பித்தால்’ என்ற சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

விண்ணப்பிப்பவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக 10 வருடங்கள் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். திருமணமானவர் என்றால் 7 வருடங்கள். மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் இங்கேயே தொடர்ந்து இருந்ததையும் காட்ட வேண்டும். ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று திருச்சிக்கோ சேலத்துக்கோ போனவர், பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போன மனைவி, எல்லோரும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். இதை எதைக்கொண்டு நிரூபிப்பது? பெயர் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில். செக்ரோல் இருந்தது ஒப்பீசில். ஒப்பீஸ் இருந்தது துரையின் கையில். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அதை அறிவிக்கும் பொறுப்பும் துரையிடமே இருந்தது. பெயரைத் தவறாக எழுதியிருந்தால், வயதைக் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால், அந்தப் பிழை பிள்ளையின் தலையில் விழுந்தது. செக்ரோலில் ‘ராமசாமி’, பிறப்புப் பதிவில் ‘ராமன்’, விண்ணப்பத்தில் ‘இராமசாமி’ என்றிருந்தால் மூன்று ஆட்கள் என்று அர்த்தம்! எழுதப் படிக்கத் தெரியாதவனாக ஒருவனை வைத்திருந்து, அவனுடைய வாழ்க்கையை அடுத்தவன் கையால் எழுதவைத்து, பிறகு அந்த எழுத்தை வைத்தே அவனை விசாரித்தார்கள்.

முதலில் விண்ணப்பிக்க வேண்டாம், இது அவமானம் என்று நமது தலைமை பகிஷ்கரிப்பு அறிவித்தது. காலக்கெடு நெருங்கியபோது விண்ணப்பியுங்கள் என்றது. 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதிக்குள் 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. விசாரணைகள் பல வருடங்கள் இழுபட்டு முடிந்தபோது பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்கு.

எதிர்த்து நிற்கவில்லையா? நின்றோம். 1952இல் கொழும்பில் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடந்தது. நீதிமன்றமும் போனோம். ருவன்வெல்ல தொகுதியில் பெயர் பதிய மறுக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு சமூகத்தைக் குறிவைத்துச் சட்டமியற்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு இடம் தராது என்று நமது தரப்பு வாதிட்டது. யார் தனது பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உரிய அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பு வந்தது. சிறுபான்மையினருக்குக் காப்புறுதி என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த பிரிவு, வெள்ளைக்காரனின் நீதிமன்றத்திலேயே செல்லாக்காசாகியது.

இதைவிடக் கசப்பான ஒன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். வாக்கைப் பறித்தவர்கள் நமது தலையை எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை. தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகையில் பிரஜையல்லாதவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அதாவது நாம் இருப்பதால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவு செய்தவர்கள் மற்றவர்கள். நமது எண்ணிக்கையை வைத்தே நம்மை எதிர்ப்பவர் பாராளுமன்றம் போனார். 1947இல் 7 பேரை அனுப்பிய சமூகம் மீண்டும் ஒருவரைத் தேர்தலில் வென்று அனுப்ப 1977 வரை காத்திருந்தது.

அடுத்து ஒப்பந்தங்களின் காலம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்த்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை இலட்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். சந்தையில் ஆடு மாடு பிரிக்கிறவர்கள்கூட ஒரு முறை வாயைப் பிடித்துப் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே அதுவுமில்லை. பங்கிடப்பட்டவர்களில் ஒருவரிடமாவது உனக்கு எங்கே போக விருப்பம் என்று பேச்சுவார்த்தை மேசையில் யாரும் கேட்கவில்லை.

இடதுசாரித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948இல் பாராளுமன்றத்தில் இந்தச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் பேசியதை நாம் மறக்கவில்லை. செல்வநாயகமும் எதிர்த்தார், தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்க இதுவும் ஒரு காரணம். ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் ஏறியது. நான்கு மாதத்தில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அன்று நிதி அமைச்சர் தோழர் என். எம். பெரேரா. அந்தக் கணக்கையும் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நமது மக்களே பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கட்டிக்கொடுத்த மகள் ஒரு பக்கம், பெற்றவர்கள் இன்னொரு பக்கம். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மறுபடி தேயிலை மலையில்தான் ஏறினார்கள். அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே இருந்தவர்களுக்கு ‘கள்ளத்தோணி’. போர் மூண்டு கப்பலும் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு லயத்திலேயே ஆயிரக்கணக்கானோர் தங்கிப்போனார்கள். பெட்டியில் வேறு நாட்டுச் சீட்டு, கையில் இந்த நாட்டுக் கொழுந்து.

இனித் திருப்பித் தந்த கதைக்கு வருவோம். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய 6 இலட்சத்தில் விண்ணப்பித்தவர்கள் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். மிச்சம் 94 ஆயிரம் பேர் போகமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். 1985இல் திம்புவில் தமிழ் இயக்கங்கள் வைத்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, இந்தத் தீவைத் தமது நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை என்பது. வடக்கில் போர், மலையகத்து இளைஞனும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவானோ என்ற பயம் ஜே. ஆரின் அரசாங்கத்துக்கு. 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள், கொழுந்து முற்றியது. அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த வருடம் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அதற்குச் சற்று முன் 39ஆம் இலக்கச் சட்டம். அதுவரை சான்றுக்கு மேல் சான்று கேட்டவர்கள், இப்போது ஒரு சத்தியக் கடதாசி போதும் என்றார்கள். 40 வருடங்கள் போதாத சான்று, தேர்தல் வந்ததும் ஒரு தாளில் அடங்கிவிட்டது!

கடைசியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்பவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்றது. கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்திருந்தவர்களும் இதில் அடங்கினார்கள். பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. சட்டத்தைத் தொடர்ந்து நடந்த இயக்கத்தில் பத்து நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதியப்பட்டார்கள். மனம் இருந்தால் பத்து நாள் வேலை. இதற்குத்தான் ஐம்பத்தைந்து வருடம்.

இதில் எந்த இடத்தில் ‘வாங்கிக் கொடுத்தல்’ இருக்கிறது? தொண்டமான் 1986 போராட்டத்தை முன்னின்று நடத்தினார். அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அவர் பேரம் பேசிய மேசைக்குப் பலம் தந்தது எது? காலையில் மலைக்குப் போகாமல் நின்ற கொழுந்துக்காரிதானே? அந்த நாளில் சம்பளம் போகுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்தவள் அவள். இன்று மேடையில் அவளுடைய பேரனைப் பார்த்து “உன் பாட்டிக்கு நாங்கள் கொடுத்தோம்” என்கிறார்கள்.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, இனி அந்தப் பழைய புராணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். புராணம் முடியவில்லை என்பதுதான் நமது வழக்கு. 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, வம்சாவளியால் வந்ததோ பதிவால் வந்ததோ, பிரஜைக்குப் பிரஜை எந்த வேறுபாடும் கூடாது என்கிறது. அதே அரசு பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் மற்றவர்களுக்கு ‘வி’ போட்டு, நாடற்றவருக்கு ‘எக்ஸ்’ போட்டது. வங்கியில், பொலிஸ் சோதனைச் சாவடியில், அந்த ஓர் எழுத்து போதும் ஆளைத் தனியாக நிறுத்த. இன்றைய 12 இலக்க அட்டையில் அந்த எழுத்து இல்லை. எழுத்துப் போனாலும் அதன் வேலை வேறு இடங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பிரதேச சபைக்கு நாம் வாக்களித்தோம். ஆனால் 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். அதைத் திருத்த 2018 வரை போனது. 2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேல் மக்கள். நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு 4 ஆயிரம் பேர்கூட இல்லை. நெடுந்தீவு மக்களுக்கு அது வேண்டும். அதில் நமக்கு எந்தப் பொறாமையும் இல்லை. ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, “பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது, அடுத்த கிழமை வா” என்று கேட்டுத் திரும்பும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு வயிற்றில் விழும் கணக்கு. 2019இல் நுவரெலியா மாவட்டத்தின் 5 பிரிவுகளை 10 ஆக்க வர்த்தமானி வந்தது. வர்த்தமானி வந்த நாளுக்கும் அந்த அலுவலகங்கள் முழு அதிகாரத்தோடு இயங்கும் நாளுக்கும் இடையில் எத்தனை தேர்தல் மேடைகள் கடந்தன என்று அங்குள்ள தோழர்களைக் கேளுங்கள்.

முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் மற்றவனுக்கு வீட்டிலக்கம், வீதி. நமக்குப் பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். கடிதம் ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தரவேண்டும். ஒரே டிவிசனில் நான்கு லெட்சுமி இருந்தால் எந்த லெட்சுமிக்கு? நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

முகவரி இல்லாததற்குக் காரணம் காணி இல்லாதது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்து, காணியை 53 வருடக் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகைப் பத்திரத்தில் மலை இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, பங்களா இருக்கிறது, லயமும் இருக்கிறது. லயத்தில் ஐந்து தலைமுறையாக இருப்பவனின் பெயர் மட்டும் இல்லை. குத்தகை முடிவது 2045இல். அன்று அந்தக் காணி யாருக்குப் போகும் என்ற பேச்சு கொழும்பில் இப்போதே தொடங்கிவிடும். நாம் அந்த மேசையில் இருப்போமா, அல்லது 1964இல் போல மேசையில் பங்கிடப்படுவோமா? 7 பேர்ச்சஸ் தருகிறோம் என்றார்கள், அடிக்கல் நாட்டினார்கள், சில இடங்களில் வீட்டையும் கட்டித் தந்தார்கள். வீட்டுக்குள் போனவர்களிடம் காணி உறுதியைக் காட்டச் சொல்லுங்கள்; எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்று பார்ப்போம். உறுதி இல்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. நிர்வாகத்தோடு தகராறு வந்தால் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது.

2023இல், இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். பூட்டன் நடந்த பாதை. நடந்தவர்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. ஏனைய பிரஜைகளுக்கு உள்ளதெல்லாம் எங்களுக்கும் என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லாமல், ஒவ்வொரு கட்சியும் தான் செய்த ‘உபகாரத்தை’ விளம்பரம் போட்டது.

ஆகவே தோழர்களே, இந்த மாதம் செய்யவேண்டியது இது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் லயம் லயமாகப் போய், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பெயரில் பிழையுள்ளவர்கள், 15 வயதாகியும் அடையாள அட்டை எடுக்காதவர்கள் பட்டியலை எழுதுங்கள். தேர்தல் இடாப்பைத் திருத்தும் பீ. சீ. படிவத்தைக் கிராம உத்தியோகத்தர் தரும்வரை காத்திருக்காமல் கேட்டு வாங்கி நிரப்புங்கள். கொழும்பில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதவர்களைத் தனியாக எழுதுங்கள். பட்டியலைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள்.

அடுத்த முறை எவராவது மேடையேறி “வாங்கிக் கொடுத்தோம்” என்று தொடங்கினால், அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள். இந்தப் பெயர்களுக்கு எந்தத் திகதிக்குள் உறுதி, எந்தத் திகதிக்குள் சான்றிதழ் என்று எழுத்தில் கேளுங்கள். அவர் தரும் பதிலை, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கையொப்பத்தோடு இந்தப் பத்திரிகையில் அப்படியே அச்சிடுகிறோம்.